எர்த் நட்டில் ஒரு சிவப்புப் புள்ளி

உங்கள் மேசைக்குப் பின்னால் சுவரில் இருக்கும் மின்விசிறி ரெகுலேட்டர் முனகுகிறது. தினமும் இந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பதால் உங்கள் காதுக்குப் பழகியிருக்கும். எனக்கு உள்ளே வந்ததிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை, உள்ளே ஏதோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் பேசிக்கொண்டே முடித்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். நியாயம்தான்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். காகிதம் கொடுத்தீர்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள், கத்தவும் இல்லை. எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தப் பழுதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் அடுத்தவருக்குப் புரியும். மென்று விழுங்கிச் சொல்பவர்களால்தான் எங்கள் தொழிலில் பாதிப் பொழுது வீணாகிறது.

நான் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுதுபார்க்கிறவன். கடையிலோ கிடங்கிலோ தராசின் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடினால் என்னைக் கூப்பிடுவார்கள். முக்கால்வாசி நேரம் எர்த்தில்தான் கோளாறு இருக்கும். மின்சாரத்தில் ஏற்படும் கசிவும், இரைச்சல் என்று நாங்கள் சொல்லும் வேண்டாத மின் துடிப்பும் எங்காவது போய் இறங்க வேண்டும். அதற்காக மண்ணுக்குள் போகும் கம்பியைத்தான் எர்த் என்கிறோம். பச்சை நிறத்தில் ஒரு ஓரமாகக் கிடக்கும். அது ஒழுங்காக இருக்கும் வரை வீட்டில் ஒருவரும் அதை நினைப்பதில்லை. என்னைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று தோளுக்குக் கீழேயும் தொங்க, அதோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னினேன். பிறகு கை வந்துவிட்டது. குழாய் ஒழுகினாலும், பேனா எழுதாவிட்டாலும், பல்லி தெரிந்தாலும் அந்த வீட்டில் 'அண்ணா' என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு எழுந்து போவதுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுத்ததால் அல்ல, எனக்கே தோன்றவில்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். என் தங்கையின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். இந்த வரியைத் தேவைப்பட்டால் நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்: மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு துளி கோபமும் கிடையாது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, வாய் ஓயாத ஆள். பெண் பார்க்க வந்த அன்றே என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "மச்சான், உங்களுக்குச் சிரிப்புக்கு மட்டும் ஃபியூஸ் போயிடுச்சா?" என்று கேட்டார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். சம்மதம் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் கூப்பிடுவது குறைந்தது. அதுதானே இயல்பு. போன் வரும், "சாப்பிட்டியாண்ணா?" என்பாள், சாப்பிட்டேன் என்பேன், வைத்துவிடுவாள். பல நாள் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். அதைச் சொன்னால் பேச்சு நீளுமே என்று தோன்றும், ஆனால் அதை ஒரு சாக்காக வைத்துப் பேச்சை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. உண்மையான காரணம் ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன்.

அது மாப்பிள்ளையின் மிஷின் உருவத்தில் வந்தது. சி.என்.சி. என்பார்கள். மரப்பலகையைப் படுக்க வைத்தால், கணினி சொல்கிறபடி ஒரு கத்தி சுழன்றுகொண்டே அதன் மேல் நகர்ந்து எழுத்தும் பூவும் செதுக்கும். பொழுதுபோக்குக்காக இதை வீட்டிலேயே கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மாப்பிள்ளை பாகங்களை வரவழைத்து, கார் இல்லாத தன் கார் ஷெட்டில் பொறுக்கிப் பொறுக்கிக் கட்டினார். கத்தியை நகர்த்தச் சின்ன மோட்டார்கள், அவற்றை ஓட்ட டிரைவர் என்று உள்ளங்கை அளவுப் பெட்டிகள், கத்தியைச் சுழற்ற ஒரு பெரிய மோட்டார். இந்தப் பெரிய மோட்டார்தான் வம்பு. எர்த் சரியில்லாவிட்டால் அது கிளப்பும் இரைச்சல் டிரைவர்களுக்குள் புகுந்துவிடும். கணினி சொல்லாததையும் சொன்னதாக அவை எடுத்துக்கொள்ளும். கத்தி தடம் மாறிப் போகும்.

மாப்பிள்ளை முதலில் செதுக்கியது தங்கையின் பெயரை. கடைசி எழுத்து பலகையின் விளிம்பைத் தாண்டி ஓடியது. தங்கை போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணா, என் பேருக்கு வால் முளைச்சிடுச்சு. இவர் மூணு பலகையைக் கொதறிட்டாரு. நீ கொஞ்சம் வந்து பாக்கறியா?"

நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று சொன்னால் மிகையில்லை. போய்ப் பார்த்தால் எளிய விஷயம். பெரிய மோட்டாருக்குப் போகும் கேபிளைச் சுற்றி வலை போல ஓர் உலோக உறை இருக்கும். ஷீல்டு என்பது அதுதான். இரைச்சலை வெளியே விடாமல் அது பிடித்துக்கொள்ளும். அதன் ஒரு முனையை, ஒரே ஒரு முனையை, எர்த்தில் கட்ட வேண்டும். மாப்பிள்ளை எங்கேயும் கட்டாமல் அம்போ என்று விட்டிருந்தார். கட்டினேன். மிஷினின் இரும்புச் சட்டத்துக்கும் தனியாக ஒரு பச்சைக் கம்பி கொண்டுவந்து, காலடியில் போல்ட்டு போட்டு நட்டு முறுக்கினேன்.

நட்டு முறுக்கி முடித்ததும் அதன் மேலிருந்து சட்டம் வரை பெயின்டால் ஒரு புள்ளியை இழுத்து வைப்பது என் பழக்கம். அதிர்வில் நட்டு அசைந்தால் புள்ளி இரண்டாக உடையும், பார்த்ததுமே தெரிந்துவிடும். அன்றைக்குப் பையில் பெயின்ட் தீர்ந்திருந்தது. ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த தங்கை உள்ளே போய் நகப்பூச்சுப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அடர் சிவப்பு.

"பாத்து வைண்ணா, கல்யாணத்துக்கு வாங்கினது."

"மச்சான், என் மிஷினுக்கு நெயில் பாலிஷா? அப்புறம் அதுக்கும் நானே நகை வாங்கணுமே" என்றார் மாப்பிள்ளை.

பாட்டிலை நீயே வைத்துக்கொள் என்று தங்கை என் பையில் போட்டாள். அவள் பெயர் இந்த முறை வால் இல்லாமல் வந்தது. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ஏதோ சொன்னேன், மாப்பிள்ளை சிரித்தார். பேருந்தில் திரும்பி வரும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நன்றாக இருந்தது.

அதன் பிறகு மிஷின் ஒழுங்காக ஓடியது. அதனால் யாரும் கூப்பிடவில்லை. பழுது தீர்ந்தால் பழுதுபார்ப்பவனும் தீர்ந்தான், எங்கள் தொழிலின் குறை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நானாகவே போனேன். மாப்பிள்ளை உள்ளே தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில், ஷீல்டின் இன்னொரு முனையையும் எர்த்தில் கட்டினேன்.

இது உங்களுக்குப் புரிய வேண்டும். ஷீல்டை இரண்டு முனையிலும் கட்டினால் அது ஒரு வளையமாகிவிடும். இரைச்சல் இறங்காமல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். எப்போதும் தொல்லை கொடுக்காது, எப்போதாவது கொடுக்கும். அதனால் கண்டுபிடிப்பதும் சிரமம். பார்ப்பதற்குக் கூடுதல் அக்கறையோடு செய்த வேலை போலத்தான் இருக்கும்.

இரண்டாவது வாரமே போன் வந்தது. போய், அந்த முனையைக் கழற்றினேன். கிளம்புவதற்கு முன் திரும்பக் கட்டினேன். சில முறை அங்கே, சில முறை டிரைவர் பெட்டியின் பக்கம். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு காரணம் சொல்வேன். மாப்பிள்ளை நோட்டுப் பாடம் படிக்கும் பையனைப் போலக் கேட்டுக்கொள்வார். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடக் கதை, அலுவலகக் கதை, எதிர்வீட்டுக் கதை எல்லாம் பேசுவாள். அந்த மாதங்கள் என் வாழ்க்கையின் நல்ல மாதங்கள். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு மரம் நிறைய வீணானது உண்மை. ஒரு பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகை முடியப்போகும் நேரத்தில் குறுக்கே கோடு விழுந்து பாழானது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "உங்க லீவு நாளையும் நான் கெடுக்கறேன் மச்சான், மன்னிச்சிக்கங்க" என்றார். பரவாயில்லை மாப்பிள்ளை என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிரேக்கர் விஷயமும் அந்த நாட்களில் நடந்ததுதான். யாருக்காவது ஷாக் அடித்தால் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்துகிற பிரேக்கர் அந்த ஷெட்டில் இருந்தது. பெரிய மோட்டாரின் கன்ட்ரோல் பெட்டியில் இயல்பாகவே கொஞ்சம் கசிவு இருக்கும். அதனால் பிரேக்கர் சும்மா சும்மா ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தது. "வேல பாதியில நின்னு போகுது மச்சான், இத எடுத்துட்டு நேரா குடுத்துருங்களேன்" என்று மாப்பிள்ளை கேட்டார். எடுத்தேன். எர்த் இருக்கிறது, ஆபத்தில்லை என்று சொன்னேன். அன்றைக்கு அது உண்மை.

பிறகு லிஃப்ட்காரர் வந்தார். மாப்பிள்ளையின் நண்பர், லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போதே அவர் மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"இது யாருங்க கட்டினது?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "ஷீல்ட ரெண்டு பக்கமும் கட்டி வச்சிருக்கு. தெரியாம பண்ணின மாதிரியும் இல்ல. அவ்வளவு சுத்தமா இருக்கு. யாரோ வேணும்னே பண்ண மாதிரில்ல இருக்கு."

மாப்பிள்ளை உரக்கச் சிரித்தார். "வேணும்னேவா? எங்க மச்சானா? அவர் கணக்குல பாவம்னா நட்ட லூசா விடறதுதாங்க."

அவர் சந்தேகப்பட்டிருந்தால்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. லிஃப்ட்காரர் எல்லா எர்த் கம்பிகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். இனி இந்த மிஷின் தகராறு செய்யாது என்றார். நல்ல வேலைதான். குறை சொல்ல முடியாது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கைதான் சொன்னாள். குழந்தை வரப்போகிறது. மாப்பிள்ளை தொட்டில் செய்யப் போகிறார், பக்கப் பலகையில் மீனும் முயலும் செதுக்கி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவே குடுக்க மாட்டோம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "எங்களுக்காக நீங்க ஓடினது போதும்."

"ஆமாண்ணா, ஞாயித்துக்கிழமையாவது நீ வீட்ல காலை நீட்டிப் படு" என்றாள் தங்கை.

அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். சொன்னபடியே செய்தார்கள். போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை நீட்டிப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானாகப் போனாலும், மாப்பிள்ளை ஷெட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்துகொண்டிருப்பார், மிஷின் தப்பே செய்யாது, தங்கை உள்ளே படுத்திருப்பாள், "வாண்ணா, உக்காரு" என்பாள். உட்கார்ந்து என்ன செய்வது? ஒன்றும் பழுதாகாத வீட்டில் நான் யார்?

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தங்கை கொடுத்த சாவி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு வேலை நாளில், இருவரும் அலுவலகம் போயிருந்த சமயம், அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் தராசு பார்க்கப் போனவன் ஷெட்டைத் திறந்தேன். சட்டத்தின் காலடியில் நான் போட்ட பச்சைக் கம்பியைக் கழற்றினேன்.

காரணம் சொல்கிறேன். எர்த் இல்லாத மிஷினைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வது போலச் சுருசுருவென்று இருக்கும். கசிவு போக வழியில்லாமல் சட்டத்திலேயே தங்கிவிடும், அவ்வளவுதான். மாப்பிள்ளை பயந்த சுபாவம். மரச் சிலாம்பு குத்தினாலே கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடுவார். சுருக்கென்றதும் கையை எடுப்பார், என்னைக் கூப்பிடுவார். லிஃப்ட்காரர் செய்த வேலை சரியில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும். நான் போய் ஒரு கம்பியை மாட்டுவேன். இதுதான் என் எண்ணம்.

நேற்று நீங்கள் பெரிய மோட்டாரின் கேபிளைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டியதுதான். மிஷின் முன்னும் பின்னும் போகும்போது கேபிள் மடங்கி நீள ஒரு பிளாஸ்டிக் சங்கிலிப் பாதை இருக்கும். அதன் ஓரத்தில் உரசி உரசிக் கேபிளின் தோலும் ஷீல்டு வலையும் தேய்ந்திருந்ததை அன்றைக்குப் பார்த்தேன். உள்ளே இருக்கும் செம்பு இன்னும் சில நாளில் சட்டத்தைத் தொடும். எர்த் இருந்தால் மின்சாரம் அதன் வழியாக இறங்கி, கன்ட்ரோல் பெட்டி தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். ஆமாம், பார்த்தேன். ஆனால் நான் அதைத் தொடவில்லை. அதை ஒழுங்காகக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளை நான் தேய்க்கவில்லை.

ரப்பர் பாய் விஷயத்தையும் கேட்டீர்கள். மிஷின் முன்னால் நிற்க மாப்பிள்ளை ஒரு ரப்பர் பாய் போட்டிருந்தார். அதில் மரத்தூளும் பிசினும் அப்பிக் கிடந்ததால் அன்றைக்கே கழுவி வெயிலில் காயப்போட்டேன். காய்ந்ததும் மடித்து அலமாரிக்கு மேல் வைத்தேன். விரித்துப் போட்டிருக்கலாம்தான். தோன்றவில்லை.

கம்பியைக் கழற்றிய பிறகு அதைச் சுருட்டிக் கட்டாமல் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். அதிர்வில் கழன்று விழுந்த மாதிரி இருக்கும் என்று அப்போது நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். என்னைக் கூப்பிட்டதும் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. நட்டை மட்டும் திரும்பவும் போல்ட்டில் போட்டு இறுக்கினேன். லூசான நட்டு அதிர்ந்து அதிர்ந்து விழுந்து உருளும். நகரும் பாகத்தில் சிக்கினால் மிஷின் கெட்டுவிடும்.

மிஷினுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். பூட்டுவதற்கு முன் ஷெட்டைப் பெருக்கினேன்.

பிறகு காத்திருந்தேன். அந்த வாரம் மாப்பிள்ளை மிஷினை ஓட்டவில்லை என்று, நானே போன் செய்தபோது தங்கையின் பேச்சிலிருந்து தெரிந்தது. சனிக்கிழமை தொட்டில் பலகையைப் போடப் போகிறாராம். சனிக்கிழமை மத்தியானம் குளித்து, சட்டை மாற்றி, பையில் மல்டிமீட்டரும் ஸ்பேனரும் பச்சைக் கம்பியும் எடுத்து வைத்தேன். செருப்புப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்திருந்தேன்.

போன் வந்தது. தங்கைதான்.

"அண்ணா, இவர் மிஷின் மேல சாஞ்சு கெடக்காரு. கூப்டா பேசவே மாட்டேங்கறாரு. ஒரு கையில வாக்குவம் பைப்ப புடிச்ச மாதிரியே..."

"தொடாதே. பக்கத்துல போகாதே" என்றேன். "வெளியில போய் மெயின ஆஃப் பண்ணு. நான் வந்துட்டேன்."

மரத்தூளை உறிஞ்சும் வாக்குவத்தின் இரும்புக் குழாய்க்கு எர்த் இருந்தது. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பலகையைப் பார்க்க மறு கையைச் சட்டத்தில் ஊன்றிச் சாய்ந்திருக்கிறார். வெறுங்காலோடு. மிஷினில் இருந்து இறங்க வழி தேடிய மின்சாரத்துக்கு மாப்பிள்ளையே வழியாகிவிட்டார். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பலகையில் முயலுக்கு ஒரு காது வந்திருந்தது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். என் தங்கை அவரைத் தொட்டிருந்தால் அவளும், வயிற்றிலிருக்கும் பிள்ளையும் போயிருப்பார்கள். தொடாதே என்று சொன்னது நான். இதுவும் என் வாக்குமூலத்தில் இருக்கட்டும்.

மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். தொங்கும் கம்பியைக் காட்டி, அதிர்வில் கழன்றிருக்கிறது, வீட்டில் கட்டுகிற மிஷின்களில் இப்படித்தான் நடக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். குனிந்து நட்டைப் பார்க்கவில்லை. அரைகுறை வேலை.

தங்கையை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவளுடைய பழைய அறை அப்படியேதான் இருந்தது, நான் எதையும் மாற்றவில்லை. அவளுக்குப் பிடித்தபடி சோற்றைக் குழைய வேகவைத்துக் கொடுத்தேன். மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே பெண் குழந்தையாக இருந்தால் என்று யாரோ பேச்செடுத்தார்கள். எனக்குத் தலை பின்னத் தெரியும் என்றேன். தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழுதது எனக்குப் பொறுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுவாள், இந்தப் பக்கம் நானும் அழுவேன். மாப்பிள்ளைக்காகவும்தான். ஆனாலும் ஒரு நாள் அடுப்படியிலிருந்து "அண்ணா, இந்தக் குழாய் மூட மாட்டேங்குது" என்று அவள் குரல் கேட்டபோது, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தேன் பாருங்கள், எனக்குள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மிஷினை லிஃப்ட்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். சாவி கொடுக்க அவளே போனாள். அவர் கழற்ற உட்கார்ந்தவர், காலடியில் இருந்த எர்த் நட்டைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். கம்பி அதிர்வில் கழன்றிருந்தால் நட்டும் கழன்றிருக்க வேண்டும். நட்டு இறுக்கமாக இருந்தது. அது மட்டுமில்லை. நட்டின் மேலிருந்து, கம்பி முனையின் வளையம் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நேராகச் சட்டம் வரை சிவப்பாக ஒரு புள்ளி இழுத்து வைத்திருந்தது. கம்பியை எடுத்த பிறகு யாரோ நட்டை முறுக்கிப் புள்ளியும் வைத்திருக்கிறார்கள். பழைய புள்ளிகள் எல்லாம் தூசியில் பழுத்துக் கிடக்க, அது மட்டும் பளிச்சென்று இருந்ததாம்.

நான் வைத்தது நினைவே இல்லை. நேற்று நீங்கள் படத்தைக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. கை பழகிவிட்டது. முறுக்கிய நட்டைப் புள்ளி வைக்காமல் விட என் கைக்குத் தெரியாது.

லிஃப்ட்காரர் அவளிடம் பெயரொன்றும் சொல்லவில்லையாம். இது என்ன பெயின்ட் என்று மட்டும் கேட்டாராம். அவள் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாளாம். அவளுடைய கல்யாண நகப்பூச்சு அவளுக்குத் தெரியாதா?

அன்று மாலை வீடு திரும்பியவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் தராசு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு கூடத்தில் இருந்தேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவள் அறை விளக்கு அணைந்தது. அந்த அறைக்கு ஃபியூஸ் போய்விட்டது, அடிக்கடி போகும். நான் எழுந்து நின்றேன். 'அண்ணா' என்று கூப்பிடுவாள் என்று ஸ்க்ரூ டிரைவரோடு கதவுக்கு வெளியே நின்றேன். இருட்டு ஏறிக்கொண்டே வந்தது. உள்ளே அவள் மூச்சு விடுவது கேட்டது. இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

பிறகு உள்ளே அவள் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். முகவரி சொன்னாள். அது உங்களிடம் என்று விடிந்து நீங்கள் கதவைத் தட்டிய பிறகுதான் புரிந்தது.

ஆகவே கேட்டதற்கு நேராகவே பதில் எழுதுகிறேன். எர்த் கம்பியைக் கழற்றியது நான். கேபிள் தேய்ந்தது தெரிந்தே கழற்றினேன். பாயை எடுத்ததும் நான். சுருக்கென்றதும் கூப்பிடுவார் என்று நினைத்ததாக மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று இப்போது யோசிக்கிறேன். அந்தச் சனிக்கிழமை போன் மணி அடித்தபோது, அதில் வரப்போவது மாப்பிள்ளையின் குரல் என்று நான் ஒரு நொடிகூட எதிர்பார்க்கவில்லை. தங்கையின் குரலைத்தான் எதிர்பார்த்தேன். மாப்பிள்ளையை நான் கொன்றேன்.

இதற்கு மேல் மறைப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வருத்தம்தான், அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். இதற்குப் போய் வெளியாட்களைக் கூப்பிட்டிருக்க வேண்டாம். கதவைத் திறந்து 'அண்ணா' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால், நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த ஃபியூஸையும் போட்டுக் கொடுத்திருப்பேன்.